ஊட்டியில் கட்டிடம் பார்ப்பது – கடிதமும் பதிலும்

வணக்கம்,

உங்கள் தளத்தைச் சில வருடங்களாக வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. நாங்கள் பெருந்துறைப் பக்கம். குழந்தைகளுக்காக வருடம் ஒருமுறை ஊட்டி போவோம். போட் ஹவுஸ், ரோஸ் கார்டன், தொட்டபெட்டா, அப்புறம் வர்க்கியும் சாக்லேட்டும் வாங்கிக்கொண்டு வீடு திரும்புவது. இவ்வளவுதான் எங்கள் ஊட்டி. இந்த முறை சனி, ஞாயிறு இரண்டு நாளும் சேர்ந்தாற்போலக் கிடைக்கிறது. பழைய கட்டிடங்களை மட்டும் பார்த்துவிட்டு வரலாமா என்று கேட்டேன். "வெள்ளைக்காரன் அவன் சௌகரியத்துக்குக் கட்டிக்கிட்ட பங்களா, அதைப் போயி நாம என்னத்தைப் பாக்கறது?" என்கிறார் வீட்டுக்காரர். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

மாமனாரும் எங்களோடு வருகிறார். கொத்து வேலை செய்தவர். சுண்ணாம்புக் காரையில் தொழில் பழகி, சிமெண்ட் வந்து, கான்கிரீட் வந்து எல்லாம் பார்த்தவர். முழங்கால் வலி இருப்பதால் அதிகம் ஏற முடியாது. எங்கே போகலாம், எதைப் பார்க்கலாம், எப்படிப் பார்ப்பது என்று கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள். நான் கட்டிடக்கலை எதுவும் படித்தவள் இல்லை.

ச.,
பெருந்துறை

அன்புள்ள ச.,

மாமனாரையும் கூட்டிப் போகிறீர்கள் என்பதைப் படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. பழைய கட்டிடம் பார்க்கப் போகும்போது ஒரு கொத்தனாரைவிட நல்ல துணை கிடைக்காது. வாசலில் இருக்கும் பலகை கட்டிய வருடத்தையும் கட்டியவர் பெயரையும் சொல்லும். இருநூறு வருட மழையில் அந்தச் சுவர் எப்படி நிற்கிறது என்பதை அவர்தான் சொல்ல முடியும்.

முதலில் எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன். அதற்குப் படிப்பு எதுவும் வேண்டாம். நம் பக்கத்துப் பழைய வீடு ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு மலையேறுங்கள், போதும். பெருந்துறை, காங்கேயம், தாராபுரம் பக்கம் பழைய தொட்டிக்கட்டு வீடுகள் முழுக்க முழுக்க வெயிலை நினைத்துக் கட்டியவை. தடித்த சுவர், சின்ன ஜன்னல், தாழ்ந்து இறங்கும் ஓட்டுக் கூரை, முன்னால் திண்ணை, உள்ளே ஆசாரம் என்கிற கூடம், நடுவில் வானம் தெரியும் தொட்டி. வெளிச்சமும் காற்றும் வரவேண்டும், வெயில் மட்டும் வரக்கூடாது. வருகிற கொஞ்ச மழையையும் தொட்டி வாங்கிக்கொள்ளும்.

ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் விடிகாலைப் புல் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். ஜூனில் பிடித்தால் சாரல் லேசில் விடாது. அங்கே வீடு கட்டுகிறவருக்கு வெயில் வேண்டும். அதனால்தான் ஜன்னல் சுவரைவிட்டு வெளியே துருத்திக்கொண்டு வந்து, மூன்று பக்கமும் கண்ணாடி போட்டு, கிடைக்கிற வெயிலையெல்லாம் உள்ளே வாங்கிக்கொள்கிறது. தண்ணீர் தங்காமல் ஓட வேண்டும் என்பதால் கூரை செங்குத்தாகச் சரிகிறது. உள்ளே கணப்பு எரிவதால் மேலே புகைபோக்கி நிற்கிறது. நம்மூர்த் தொட்டியை அங்கே கொண்டுபோய் வைத்தால் ஒரே மழைக்காலத்தில் வீடு முழுக்க ஓதம் ஏறிவிடும். இந்த வித்தியாசத்தைப் பார்க்கப் பழகிவிட்டால் பட்டியலே தேவையில்லை, மார்க்கெட்டுக்குப் போகிற வழியில்கூட ஏதாவது கண்ணில் படும்.

சரி, இடங்கள். இரண்டு நாளில் பத்து இடம் போட்டுக்கொள்ள வேண்டாம். நாலைந்து இடத்தை நிதானமாகப் பாருங்கள்.

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி வழியாக ஏறுவது நல்லது. (சீசன் சமயத்தில் குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்க வேண்டியிருக்கும். அப்படியானால் இதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். காருக்கு இ-பாஸ் எடுக்க மறந்துவிடாதீர்கள்.) கோத்தகிரிக்குப் பக்கத்தில் கன்னேரிமுக்கு என்ற ஊர் இருக்கிறது. அங்கே நம் கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-ல் கட்டிய வீடு நிற்கிறது. பெத்தகல் பங்களா என்பார்கள். மலைமேல் ஐரோப்பியர் கட்டிய முதல் வீடு இதுதான். பாழடைந்து கிடந்ததைப் பழுதுபார்த்து, இப்போது நீலகிரி ஆவணக் காப்பகமும் சின்ன மியூசியமுமாக வைத்திருக்கிறார்கள். கலெக்டர் வீடு என்றதும் அரண்மனையை எதிர்பார்க்க வேண்டாம், அளவான மாடி வீடு. கீழே சிறுமுகையிலிருந்து திம்பட்டி வரை 1820-களின் தொடக்கத்தில் பாதை வெட்டிய பிறகுதான் ஆளும் சாமானும் ஒழுங்காக மேலே வர ஆரம்பித்தன. நீலகிரி அப்போது கோவை ஜில்லாவோடு சேர்ந்தது. நடுவில் சில வருடம் ஒரு பகுதி மலபாரோடு போய்த் திரும்பியது, 1868-ல் தனியாகப் பிரிந்தது. அதனால் ஊட்டியின் ஆரம்பக் கதை கொங்கு நாட்டின் கதையும்தான். உங்கள் வீட்டுக்காரரிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்.

ஊட்டியில் சல்லிவன் கட்டிய வீடு கல் பங்களா. 1822-ல் வேலை தொடங்கியது. இப்போது அரசுக் கலைக் கல்லூரி வளாகத்துக்குள் இருப்பதால் கேட்டில் கேட்டுக்கொண்டுதான் போக வேண்டும். அந்த நிலத்தை மலையின் பழங்குடிகளான தோடர்களிடம் ஏக்கர் ஒரு ரூபாய்க்கு வாங்கினார்கள் என்பது பதிவான செய்தி. உங்கள் வீட்டுக்காரர் பேச்சில் இருக்கும் கோபத்துக்கு நியாயம் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கோபத்தோடு நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. அதற்கு சனிக்கிழமை மதியம் நேராக மைசூர் ரோட்டிலிருக்கும் செயின்ட் ஸ்டீபன்ஸ் சர்ச்சுக்குப் போங்கள். ஞாயிறு காலை வழிபாடு நடக்கும், அப்போது வேடிக்கை பார்க்கப் போகக் கூடாது.

மெட்ராஸ் கவர்னர் லஷிங்டன் காலத்தில், 1829 ஏப்ரல் 23 அன்று அஸ்திவாரம் போட்டார்கள். கேப்டன் அண்டர்வுட் என்பவர் வரைந்து கட்டினார். மறு வருடம் நவம்பரிலேயே பிரதிஷ்டை ஆகிவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் அடக்கமான கட்டிடம்தான். உள்ளே போய்க் கண்ணாடி ஓவியங்களைப் பார்த்துவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து மேலே அண்ணாந்து பாருங்கள். மாமனாருக்கும் உட்கார்ந்தபடி பார்க்க வசதி. அந்தப் பெரிய பெரிய உத்திரங்கள் ஊட்டி மரம் இல்லை. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் குடியிருந்த லால் மஹால் அரண்மனையைப் பிரித்து எடுத்த மரம். யானைகளைக் கட்டி இழுத்து மலைமேல் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

உங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் அரச்சலூர் ஓடாநிலை. தீரன் சின்னமலை கோட்டை கட்டியிருந்த இடம். அவர் திப்புவின் பக்கம் நின்று கம்பெனிப் படையோடு மோதியவர். 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது, திப்பு மாண்டார். சின்னமலை அதற்குப் பிறகும் விடாமல் போரிட்டு, 1805-ல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டார். ஓடாநிலைக் கோட்டையைத் தரைமட்டமாக்கிவிட்டார்கள், இன்று அங்கே மணிமண்டபம் இருக்கிறதே தவிரக் கோட்டையாகப் பார்க்க எதுவும் மிஞ்சவில்லை. அவர் யார் பக்கம் நின்று போராடினாரோ அந்தத் திப்புவின் வீட்டு உத்திரம் மட்டும் ஊட்டியில் ஒரு சர்ச்சுக் கூரையைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. எனக்கு அந்த இடத்தில் நிற்கும்போது கோபமும் வரும், அந்த மரத்தை அறுத்து இழைத்த ஆசாரியை நினைத்துப் பெருமையும் வரும். அது வெள்ளைக்காரன் கட்டிடம் என்று ஒதுக்கிவிட்டால், நம் சரித்திரத்தில் ஒரு துண்டை அவனிடமே விட்டுக்கொடுத்ததாக ஆகும். குழந்தைகளுக்கு இதைக் கதையாகச் சொல்லுங்கள், கட்டாயம் மேலே பார்ப்பார்கள். சர்ச்சுக்குப் பின்னால் மேட்டில் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. சல்லிவனின் மனைவியையும் மகளையும் அங்கேதான் அடக்கம் செய்தார்கள். கொஞ்சம் ஏற வேண்டும், மாமனார் உள்ளேயே உட்கார்ந்திருக்கட்டும்.

அவர் பார்க்க வேண்டியது வேறொன்று, அது ஊட்டியில் எந்தப் பழைய சுவரிலும் கிடைக்கும். சுண்ணாம்புச் சுவருக்கு மேல் பிற்காலத்தில் சிமெண்ட் பூசிய இடம். சுண்ணாம்புக் காரை ஈரத்தை வாங்கும், வெயில் வந்ததும் விட்டுவிடும். சிமெண்ட் அப்படி விடாது. மழையில் சுவருக்குள் போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே தங்கி, பூச்சு உப்பிப் பொரிந்து, பெயிண்ட் பூத்து, கடைசியில் பொருக்குப் பொருக்காக உதிரும். விரலால் தட்டினால் டொப் டொப்பென்று உள்ளே காலியாக இருக்கும் சத்தம் கேட்கும். அதே சுவரில் கையளவு பழைய காரை மிச்சம் இருந்தால் அதைத் தொட்டுப் பாருங்கள், கல் மாதிரி இறுகிப்போயிருக்கும். பழுதுபார்க்கிறோம் என்ற பெயரில் நல்ல எண்ணத்தோடு செய்கிற கெடுதல் இது. நம்மூர்க் கோயில் மண்டபங்களிலும் இதேதான் நடக்கிறது. சுண்ணாம்பை எத்தனை நாள் ஊறவைப்பது, கடுக்காயும் வெல்லமும் என்ன பக்குவத்தில் சேர்ப்பது என்று கைப்பழக்கமாகத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். மாமனாருக்கு அது தெரியும் என்றால், அவர் பேசும்போது போனில் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். இதை உபசாரத்துக்குச் சொல்லவில்லை.

நீலகிரி லைப்ரரியை வெளியிலிருந்தாவது பாருங்கள். உள்ளே போக உறுப்பினராக இருக்க வேண்டும் அல்லது அனுமதி கேட்க வேண்டும். 1859-ல் தொடங்கிய நூலகம், இப்போதைய கட்டிடம் 1860-களின் கடைசியில் ராபர்ட் சிஷோம் வடிவமைத்தது. சென்னைக் கடற்கரையில் இருக்கும் செனட் இல்லமும் அவர் கைவரிசைதான். அதற்கு வெயில், இதற்குக் குளிர், ஒரே ஆள் இரண்டுக்கும் எப்படிக் கட்டினார் என்று பார்க்கலாம். சேரிங் கிராஸில் நடு ரோட்டில் நிற்கும் நீரூற்று, 1881-ல் ஊட்டியிலேயே இறந்துபோன ஆடம் என்ற கவர்னர் நினைவாக வைத்தது. காரில் போகும்போது பார்த்தால் போதும்.

ஞாயிறு காலையை முழுதாக ஒதுக்க வேண்டியது தோடர் வீட்டுக்கு. பொட்டானிக்கல் கார்டனின் மேல்பகுதியில் தோடர் மந்து, அதாவது அவர்கள் குடியிருப்பு, இருக்கிறது. கூட்டம் வருவதற்கு முன்னால் போய்விடுங்கள். ஊட்டியின் கட்டிடங்கள் என்று பேச ஆரம்பித்தால் எல்லோரும் பங்களாவிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். நான் தோடர் வீட்டிலிருந்துதான் ஆரம்பிப்பேன். கூண்டு வண்டியின் கூண்டை மட்டும் எடுத்துத் தரையில் வைத்தாற்போல இருக்கும். மூங்கிலை வளைத்து, பிரம்பால் இறுக்கிக் கட்டி, மேலே புல் வேய்கிறார்கள். பக்கச் சுவர் என்று தனியாகக் கிடையாது, கூரையே தரை வரை இறங்கிவிடும். விழுகிற மழை வழிந்து மண்ணுக்குப் போய்விடும், ஓதம் ஏறுவதற்குச் சுவர் இருந்தால்தானே? முன்பக்கம் பலகையோ கல்லோ வைத்து அடைத்து, மூன்றடி உயரத்துக்குச் சின்னதாக ஒரு வாசல். தவழ்ந்துதான் நுழைய வேண்டும். ஜன்னல் கிடையாது. உள்ளே எரியும் அடுப்பின் சூடு வெளியே போகாது, மிருகமும் எளிதில் உள்ளே வராது. ஊட்டிக் குளிருக்கு யாரும் வருவதற்கு முன்பே யோசித்து முடித்த கட்டிடம் இது. சல்லிவனின் கல் பங்களாவைக் கதகதப்பாக வைத்திருக்க எவ்வளவு விறகு எரித்திருக்க வேண்டும்!

இன்று பெரும்பாலான தோடர் குடும்பங்கள் கான்கிரீட் வீடுகளுக்கு மாறிவிட்டன. கோயில்களுக்குத்தான் பழைய முறையில் இன்னும் புல் வேய்கிறார்கள். அதற்கான புல் சதுப்பில் வளர்வது. சதுப்பு சுருங்கிவிட்டதால் புல்லும் அருகிவிட்டது. அவர்கள் கோயில் பக்கம் போக வேண்டாம், அது வெளியாட்களுக்கு உரிய இடமில்லை. போட்டோ எடுப்பதற்கு முன்னால் அந்த வீட்டில் இருப்பவர்களிடம் கேளுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். மேலே ஏறுவது மாமனாருக்குச் சிரமம் என்றால் கார்டன் புல்வெளியில் குழந்தைகளோடு இருக்கட்டும், நீங்களும் வீட்டுக்காரரும் போய்வாருங்கள். அவர் பார்த்தே ஆக வேண்டிய வீடு இது.

திரும்பும்போது, டிக்கெட் கிடைத்தால் ஊட்டியிலிருந்து குன்னூர் வரை குழந்தைகளோடு ரயிலில் வாருங்கள், காரை ஒருவர் கீழே ஓட்டி வரட்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-லும் அங்கிருந்து ஊட்டிக்கு 1908-லும் ரயில் வந்தது. வழியில் லவ்டேல், கேத்தி எல்லாம் சின்னச் சின்ன ஸ்டேஷன்கள், கூரைச் சரிவைப் பாருங்கள். லவ்டேலில் இருக்கும் லாரன்ஸ் பள்ளியின் பழைய கட்டிடமும் சிஷோம் வடிவமைத்ததுதான். பள்ளி வளாகம் என்பதால் நினைத்தபடி உள்ளே போக முடியாது.

குடையும் மாமனாருக்கு ஒரு கம்பளியும் எடுத்துக்கொள்ளுங்கள். சர்ச்சுக்குள்ளே வெளியைவிடச் சில்லென்று இருக்கும்.

அன்புடன்.