செல்போன்: முதலில் காக்க வேண்டியது சிம்மை

கே: சார், போன் திருட்டுப் போனால் முதலில் யாருக்குச் சொல்வது?

ப: சிம் கம்பெனிக்கு. வேறொரு போனிலிருந்து கஸ்டமர் கேரைக் கூப்பிட்டு சிம்மை முடக்குங்கள். போன் லாக்கில் இருந்தாலும், சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் ஓடிபி எல்லாம் திருடனுக்குத்தான் போகும். அடுத்து பேங்க், அப்புறம் போலீஸ் புகார். புகார் நகலும் டூப்ளிகேட் சிம்மும் கைக்கு வந்ததும் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் ஐஎம்இஐ எண்ணை (போனின் தனி அடையாள எண்) கொடுத்து போனையே பிளாக் செய்யலாம். புது சிம்மில் எஸ்எம்எஸ் வர 24 மணி நேரம் ஆகும், பதறாதீர்கள். 15 இலக்க ஐஎம்இஐ எண் *#06# அடித்தால் திரையில் வரும். இரண்டு சிம் போனென்றால் இரண்டு எண். இன்றே எழுதி வையுங்கள்.

கே: சிம்முக்கே பூட்டுப் போட முடியுமா?

ப: முடியும், ஆனால் பலரும் போடுவதில்லை. செட்டிங்ஸில் ‘சிம் லாக்’ என்று தேடுங்கள். முதலில் கம்பெனி வைத்த பழைய பின் நம்பரைக் கேட்கும். குத்துமதிப்பாக அடிக்காதீர்கள்: 3 முறை தப்பினால் பியூகே (பூட்டிய சிம்மைத் திறக்க கம்பெனி தரும் எண்) கேட்கும், அதையும் 10 முறை தப்பாக அடித்தால் சிம் செத்தது. கஸ்டமர் கேரில் கேட்டுக்கொண்டு மாற்றுங்கள்.

கே: கூரியர்காரர் என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு, அம்மா *401* போட்டு ஏதோ நம்பரை அடித்துவிட்டார். என்ன ஆகும்?

ப: அம்மாவுக்கு வரும் அழைப்பெல்லாம் அந்த நம்பருக்குத் திரும்பியிருக்கும். எஸ்எம்எஸ் போகாது, ஆனால் குரலில் சொல்லும் ஓடிபி போகும், அதை வைத்தே வாட்ஸ்அப்பைப் பிடுங்கிவிடுவார்கள். அதை ரத்து செய்ய உடனே ##002# அடியுங்கள். ஜியோ என்றால் *413. வாட்ஸ்அப்பில் டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன் போடுங்கள். பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் போன கணக்கில் பணத்தை நிறுத்தி வைக்க வழியுண்டு.

கே: ஸ்பீக்கரில் பேசுவது அவ்வளவு தப்பா?

ப: பஸ்ஸில் தப்புதான். வீட்டில் போடுவதானாலும், பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று எதிர்முனையில் இருப்பவரிடம் சொல்லிவிட்டுப் போடுங்கள்.

கே: என் போனின் பின்மூடி கொஞ்சம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. கவர் போட்டு இறுக்கலாமா?

ப: வேண்டவே வேண்டாம். பேட்டரிக்குள் வாயு சேர்ந்து உப்பியிருக்கிறது. அழுத்தினாலோ ஊசி பட்டாலோ தீப்பிடிக்கும். சார்ஜ் போடாமல், ஆஃப் செய்து, கவரைக் கழற்றிவிட்டு சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போங்கள். கழற்றிய பேட்டரியைக் குப்பையில் போடாமல் அங்கேயே கொடுத்துவிடுங்கள்.