முற்றிய அல்சர்: கேள்வி பதில்

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது, பல வருட அல்சர். ஒரு மாதமாகச் சாயங்காலமானால் வாந்தி. முந்தின நாள் சாப்பிட்ட சோறும் தக்காளித் தோலும் அப்படியே வருகிறது. பித்தம் என்கிறார்கள். சரியா டாக்டர்?

பதில்: இல்லை அம்மா. பித்தநீரே கலக்காமல் வருவதுதான் இதன் அடையாளம். இரைப்பை முடியும் இடத்தில் புண் ஆறுவதும் மறுபடி வருவதுமாக இருந்து, தழும்பு சுருங்கி வழியை அடைத்திருக்கலாம். சாப்பிட்டுப் பல மணி நேரம் கழித்தும் வயிற்றைக் குலுக்கினால் தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்கும். ஒல்லியானவர்களுக்கு மேல்வயிற்றில் இடமிருந்து வலமாக ஓர் அலை நகர்வது கண்ணுக்கே தெரியும். வாந்தியோடு அமிலமும் போவதால் ரத்தத்தில் குளோரைடு, பொட்டாசியம் இரண்டும் இறங்கிவிடும். முதலில் அதை டிரிப்ஸில் சரிசெய்ய வேண்டும், பிறகுதான் மற்றதெல்லாம். இரைப்பைப் புற்றுநோயும் இதே மாதிரி அடைக்கும் என்பதால் எண்டோஸ்கோப்பியும் பயாப்ஸியும் (சதைத் துணுக்கு எடுத்துச் சோதிப்பது) கட்டாயம். இந்த வாரமே கூட்டிப்போங்கள்.

கேள்வி: மாமாவுக்கு இளவயதில் அல்சருக்காக ஜி.ஜே. ஆபரேஷன் நடந்தது. இப்போது ஓயாத வயிற்றுப்போக்கு, ஆள் பாதியாகிவிட்டார். ஏப்பத்தில் மல வாடை வருகிறது. சொல்லவே கூச்சப்படுகிறார்.

பதில்: கூச்சப்படாமல் சொன்னது நல்லது, அந்த வாடைதான் துப்பு. ஜி.ஜே. என்றால் இரைப்பையைச் சிறுகுடலோடு இணைப்பது. அமிலம் குறையாவிட்டால் அந்த இணைப்பிலேயே புதுப் புண் வரும். பக்கத்திலேயே பெருங்குடல் இருக்கிறது. புண் அரித்து அரித்து அதற்குள் துளைத்துவிட்டால் மூன்றுக்கும் நடுவே பாதை உண்டாகிவிடும். பெருங்குடல் கிருமிகள் மேலே ஏறிச் சிறுகுடலைக் கெடுப்பதுதான் பேதிக்கு முக்கியக் காரணம். ஆபரேஷன் முடிந்து 20 வருடம் கழித்துக்கூட இது வரலாம்.

1982இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் அல்சருக்கு முக்கியக் காரணமான ஹெலிகோபாக்டர் கிருமியை வளர்த்துக் காட்டினார்கள். அதன்பின் அல்சர் மாத்திரையில் தீரும் நோயாகிவிட்டது. இந்த ஆபரேஷனும் அரிதாகிவிட்டது. அதனால் இளம் டாக்டர்கள் பலர் இந்தச் சிக்கலை நேரில் பார்த்திருக்க மாட்டார்கள். போனதும் பழைய ஆபரேஷனைச் சொல்லி, தழும்பைக் காட்டச் சொல்லுங்கள். சி.டி. ஸ்கேன் அல்லது ஆசனவாய் வழி பேரியம் எக்ஸ்ரேயில் பாதை தெரியவரும். உடம்பைத் தேற்றிய பிறகு அறுவை சிகிச்சையில் சரிசெய்யலாம்.

கேள்வி: முன்பெல்லாம் ஏதாவது சாப்பிட்டால் வலி அடங்கும். இப்போது அடங்குவதில்லை, முதுகுக்கும் போகிறது.

பதில்: வலியின் குணம் மாறியதைச் சாதாரணமாக விடாதீர்கள். பின்பக்கப் புண் கணையத்துக்குள் இறங்கினால் இப்படித்தான் இருக்கும். அதே இடத்தில் ஒரு பெரிய ரத்தக்குழாயும் ஓடுகிறது. மலம் தார் மாதிரி கறுத்தாலோ, தலைசுற்றி வியர்த்தாலோ நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: அம்மா மூட்டுவலிக்கு டைக்ளோபினாக் சாப்பிடுவார். வயிற்றுவலி என்று சொன்னதே இல்லை. திடீரென இரைப்பை ஓட்டையாகிவிட்டது என்றார்கள். வலியே இல்லாமல் நடக்குமா?

பதில்: நடக்கும். புண்ணை உண்டாக்கும் மாத்திரையே வலியையும் மறைத்துவிடுகிறது. வயதானவர்களுக்கும் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் வயிறு பலகை போல இறுகாமலே இருக்கலாம். நின்றபடி எடுக்கும் எக்ஸ்ரேயில், ஓட்டைக்கு அடையாளமாக உதரவிதானத்துக்குக் (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசை) கீழே தெரிய வேண்டிய காற்று தெரியாமலும் போகலாம். சந்தேகம் தீர சி.டி. எடுப்பார்கள். இனி வலி மாத்திரையை மருந்துக்கடையில் கேட்டு வாங்கவே கூடாது.

கேள்வி: ஹெலிகோபாக்டர் கிருமிக்கு 14 நாள் கோர்ஸ் முடித்தேன். மறுபடி டெஸ்ட் வேண்டுமா?

பதில்: வேண்டும். கோர்ஸ் முடிந்து 4 வாரமாவது போகட்டும். டாக்டரைக் கேட்டுவிட்டு, அமிலத்தைக் குறைக்கும் பான்டோப்ரசோல் மாத்திரையை 2 வாரம் நிறுத்தி மூச்சு அல்லது மலப் பரிசோதனை செய்யுங்கள். ரத்தப் பரிசோதனை இதற்கு உதவாது; கிருமி செத்த பிறகும் பல மாதம் பாசிட்டிவ் காட்டும்.