யாரைவிடக் குறைவாக?

அன்புள்ள ஐயா,

அப்பாவுக்கு 72 வயது. ‘ஒருவேளை உண்பான் யோகி’ என்று ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திவிட்டார். கேட்டால், எலியிலிருந்து குரங்குவரை குறைவாகத் தின்றதெல்லாம் கூடுதல் காலம் வாழ்கிறதாமே என்கிறார். உண்மையா?

கவிதா, நாமக்கல்

அன்புள்ள கவிதா,

எலி விஷயத்தில் அப்பா சொல்வது பெரும்பாலும் சரி. கார்னெல் பல்கலைக்கழகத்தில் கிளைவ் மெக்கே தீனியைக் குறைத்து வளர்த்த எலிகள் நெடுநாள் இருந்தன. அது 1935-இல் வெளிவந்தது. லாப்ரடார் நாய்களில் ஒரே ஈத்துக் குட்டிகளை ஜோடி சேர்த்து, ஒன்றுக்கு மட்டும் 25 சதவீதம் குறைத்துப் போட்டார்கள். குறைவாகத் தின்றவை ஏறக்குறைய 2 ஆண்டு கூடுதலாக வாழ்ந்தன.

குரங்கில்தான் வம்பு. அமெரிக்காவில் இரண்டு இடங்களில் ரீசஸ் குரங்குகளைப் பல ஆண்டுகள் வளர்த்துப் பார்த்தார்கள். குறைவாகத் தின்றவற்றில் முதுமை நோய்ச் சாவு குறைவு என்று விஸ்கான்சின் குழு 2009-இல் சொன்னது. ஆயுள் கூடவே இல்லை என்று தேசிய முதுமை ஆய்வு நிறுவனம் 2012-இல் சொன்னது. தீவனத்தைப் பார்த்தால் காரணம் கொஞ்சம் பிடிபடும். விஸ்கான்சினில் தீவனத்தில் 28.5 சதவீதம் சர்க்கரை. ஒப்பீட்டுக்கு வைத்த குரங்குகள் வேண்டிய மட்டும் தின்றன. மற்ற இடத்தில் சர்க்கரை 4 சதவீதம்கூட இல்லை, ஒப்பீட்டுக் குரங்குகளுக்கே அளந்துதான் போட்டார்கள். ஏற்கெனவே அளவாகத் தின்கிறதிடமிருந்து இன்னும் பிடுங்கினால் என்ன பெரிதாகக் கிடைத்துவிடும்?

சுண்டெலியிலும் எல்லாம் ஒன்றல்ல. சுமார் 40 வம்சங்களில் தீனியை 40 சதவீதம் குறைத்த ஆய்வு 2010-இல் வந்தது. ஆயுள் கூடிய வம்சங்களைவிடக் குறைந்த வம்சங்களே அதிகம். பிரான்சில் குரங்குக்குத் தூரத்துச் சொந்தமான, உருவில் சிறிய லெமூர்களுக்குத் தீனியைக் குறைத்தார்கள். அவை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு காலம் வாழ்ந்தன, ஆனால் மூளையின் சாம்பல் பொருள் (நரம்பணுக்கள் நிறைந்த பகுதி) வேகமாகத் தேய்ந்தது. (இதை மட்டும் யாரும் வாட்ஸாப்பில் அனுப்புவதில்லை.)

மனிதர்களில் 2 ஆண்டு ஆய்வு ஒன்று நடந்தது. 25 சதவீதம் குறைக்கச் சொன்னார்கள். சராசரியாக 12 சதவீதம்தான் முடிந்தது. ரத்த அழுத்தமும் கொழுப்பும் இறங்கின, எலும்பின் அடர்த்தியும் கொஞ்சம் இறங்கியது. அதில் சேர்ந்தவர்கள் எல்லாரும் 50-ஐத் தாண்டாதவர்கள்.

அப்பா பருமனா, ஒல்லியா என்று நீங்கள் எழுதவில்லை. ஒல்லியென்றால், இந்த வயதில் சதை கரைந்தால் திரும்ப ஏற்றுவது பெரும்பாடு. சர்க்கரை மாத்திரை போடுகிறவர் என்றால் இன்றைக்கே மருத்துவரிடம் கேளுங்கள். அதுவரை ராத்திரி இரண்டு இட்லியாவது சாப்பிடட்டும்.