கட்டணம் வாங்காத ரீஜிஸ் பள்ளி: கேள்வி பதில்

நியூயார்க்கின் மன்ஹாட்டனில் சேசு சபை (ஜெசூட்) என்ற கத்தோலிக்கத் துறவற சபை நடத்தும், ஆண்களுக்கான ரீஜிஸ் உயர்நிலைப் பள்ளி பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

கேள்வி (திருச்சி வாசகி): உண்மையிலேயே ஒரு டாலர்கூடக் கல்விக் கட்டணம் இல்லையா? அப்படியானால் செலவை யார் ஏற்கிறார்கள்?

பதில்: இல்லை. 1914-இல் திறந்த நாள் முதல் இன்றுவரை கட்டணம் வாங்கியதில்லை. தொடக்க நிதியைக் கொடுத்தவர் ஜூலியா கிராண்ட். 30 வயதிலேயே நியூயார்க் மேயராகப் பதவியேற்ற ஹியூ கிராண்டின் மனைவி. கணவர் 1910-இல் காலமான பிறகு, பக்கத்துப் பங்கான (ஓர் ஆலயத்தின் கீழ் வரும் பகுதி) புனித இஞ்ஞாசியார் ஆலயத்தின் பங்குத்தந்தையும் சேசு சபைத் துறவியுமான டேவிட் ஹெர்னிடம் ஜூலியா நிதியை ஒப்படைத்தார். கத்தோலிக்கப் பையன்கள் இலவசமாகப் படிக்க வேண்டும், தம் பெயர் வெளியே தெரியக் கூடாது என்பதே அவர் விருப்பம். அதனால் பள்ளியில் நெடுங்காலம் ‘நிறுவனர் அம்மையார்’ என்றுதான் குறிப்பிட்டார்கள். வாசலில் பெயர்ப்பலகை கேட்காத கொடையாளி எவ்வளவு அரிது என்பது நம் ஊர்ப் பள்ளிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இன்று பெரும்பாலான செலவைத் தாங்குவது முன்னாள் மாணவர்களின் நன்கொடை. தாம் இலவசமாகப் படித்ததை அடுத்தவனுக்கும் கிடைக்கச் செய்கிறார்கள். என் பார்வையில் அந்தப் பள்ளியின் மிகப் பெரிய சாதனை இதுதான்.

கேள்வி (தூத்துக்குடி வாசகர்): அமெரிக்காவில் அரசுப் பள்ளி இலவசம்தானே? பிறகு எதற்குக் கத்தோலிக்கர்களுக்குத் தனிப் பள்ளி?

பதில்: நல்ல கேள்வி. 19-ஆம் நூற்றாண்டில் நியூயார்க் அரசுப் பள்ளிகளில் புராட்டஸ்டன்ட் விவிலியமும் ஜெபமும் இருந்தன. கத்தோலிக்கரான ஐரிஷ் குடியேறிகள் இதை ஏற்கவில்லை. 1840-களில் ஆயர் ஜான் ஹியூஸ் இதற்காக அரசியல்வாதிகளோடு நேருக்கு நேர் மோதினார். 1884-இல் பால்டிமோர் நகரில் கூடிய ஆயர்களின் பேரவை, ஒவ்வொரு பங்கிலும் பள்ளி வேண்டும் என்று கட்டளையிட்டது. பங்குப் பள்ளிகள் பெருகின. ஆனால் அவை தொடக்கக் கல்வியோடு நின்றன. எட்டாம் வகுப்பு முடித்த துறைமுகத் தொழிலாளியின் மகன் அடுத்து எங்கே போவான்? கல்லூரிக்குத் தயார்ப்படுத்தும் கத்தோலிக்கப் பள்ளிகள் கட்டணம் கேட்டன. ஜூலியா கிராண்டின் பணம் போய்ச் சேர்ந்தது சரியாக அந்த இடைவெளியில்.

கேள்வி (சென்னை மாணவர்): லயோலா கல்லூரியை நடத்தும் அதே சபையா?

பதில்: அதே சேசு சபைதான். திருச்சி புனித வளனார் கல்லூரியும் (1844) சென்னை லயோலாவும் (1925) அவர்களுடையவை.

கேள்வி (மதுரை ஆசிரியர்): பாடமுறையில் என்ன தனித்தன்மை?

பதில்: சேசு சபையினர் 1599-இல் தம் பள்ளிகள் அனைத்துக்கும் ஒரே கல்வித் திட்டம் வகுத்தார்கள். அதன் உயிர்நாடி முன்விளக்கம். லத்தீன் பாடப்பகுதி ஒன்றை மாணவனிடம் கொடுத்துப் ‘படித்து வா’ என்று அனுப்பிவிட மாட்டார்கள். ஆசிரியரே முதலில் உரக்க வாசித்து, பொருளைச் சுருக்கிச் சொல்லி, சிக்கலான வாக்கியங்களைப் பிரித்துக் காட்டுவார். அதன் பிறகே மாணவன் தனியாக உழைப்பான். பழைய பாடத்தைத் திரும்பச் சொல்லவைப்பதும் உண்டு. கொரோனாக் காலத்தில் உலகம் அறிந்த மருத்துவர் அந்தோணி ஃபௌச்சி ரீஜிஸில் 1958-இல் முடித்தவர். நான்கு ஆண்டு லத்தீன், நான்கு ஆண்டு கிரேக்கம் படித்ததாகச் சொல்லியிருக்கிறார். ஆள் உயரம் குறைவு; ஆனாலும் கூடைப்பந்து அணித் தலைவர்.

கேள்வி (கோவை வாசகி): விடுதி உண்டா?

பதில்: கிடையாது, பகல்நேரப் பள்ளி. புரூக்ளின், குயின்ஸ், நியூஜெர்சி என்று பல திசைகளிலிருந்தும் பையன்கள் ரயிலேறி வருகிறார்கள். புரூக்ளினில் அப்பாவின் மருந்துக்கடைக்கு மேலே குடியிருந்த ஃபௌச்சிக்கும் தினசரி நெடிய சுரங்க ரயில் பயணம்தான். களைப்புதான். ஆனால் நகரத்தின் எல்லாப் பகுதிப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் உட்காருவது அதனால்தான்.

கேள்வி (நாகர்கோவில் வாசகி): பெண்களுக்கு ஏன் இடமில்லை?

பதில்: நிறுவனரின் கொடையே பையன்களுக்காக அமைந்தது. அது விளக்கம்தான், நியாயம் ஆகிவிடாது. அருகிலேயே சேசு சபையின் லயோலா பள்ளி 1973 முதல் பெண்களையும் சேர்க்கிறது; ஆனால் அங்கே கட்டணம் உண்டு. ஏழை வீட்டுப் பெண்பிள்ளைக்கும் ஒரு ஜூலியா கிராண்ட் கிடைத்திருக்க வேண்டும் என்று மனதார நினைக்கிறேன்.

கேள்வி (நியூஜெர்சியில் வசிக்கும் தமிழர்): என் மகனைச் சேர்க்க என்ன செய்ய வேண்டும்?

பதில்: திருமுழுக்குப் பெற்ற கத்தோலிக்கராக இருக்க வேண்டும். எட்டாம் வகுப்பின் இலையுதிர் பருவத்தில் விண்ணப்பமும் நுழைவுத் தேர்வும், அதில் தேறியவர்களுக்கு நேர்காணலும் நடக்கும். ஏழாம் வகுப்பு மதிப்பெண்களையும் பார்ப்பார்கள். ஆகவே எட்டாம் வகுப்பில் விழித்துக்கொள்வது தாமதம். வருமானம் குறைந்த குடும்பம் என்றால், ஐந்தாம் வகுப்பிலேயே பள்ளியின் ‘ரீச்’ திட்டத்துக்கு விண்ணப்பியுங்கள். சனிக்கிழமைகளிலும் கோடையிலும் இலவசமாகப் பயிற்சி தருகிறார்கள். அதில் படித்த பையன்கள் ரீஜிஸுக்கு மட்டுமல்ல, மற்றக் கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளிகளுக்கும் போகிறார்கள்.