பழைய காருக்குப் பவர் பிரேக்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் பழைய காரில் பிரேக் பெடல் கல் மாதிரி இருக்கிறது. பூஸ்டர் மாட்டினால் வண்டி சீக்கிரம் நிற்குமா?

நிற்காது. பூஸ்டர் என்பது இன்ஜினின் வேக்குவத்தை (உறிஞ்சு சக்தியை) வைத்து நம் மிதிக்குப் பலம் கூட்டும் கருவி. அது குறைப்பது காலுக்கு ஏறும் பாரத்தை மட்டும்தான். முழு பலத்தோடு மிதித்தால் இப்போதே சக்கரம் லாக் ஆகிறது என்றால், அதற்கு மேல் நிறுத்த வேண்டியது டயரின் பிடி. அதைப் பூஸ்டர் கூட்டாது.

முதலில் நான்கு டிரம்மையும் கழற்றிப் பாருங்கள். பிரேக் ஷூ கண்ணாடி போலப் பளபளத்துக் கிடக்கிறதா, வீல் சிலிண்டர் (ஷூவைத் தள்ளும் சிறு சிலிண்டர்) பிஸ்டன் துருவில் இறுகியிருக்கிறதா, ரப்பர் ஹோஸ் உள்ளே உப்பி வழியை அடைத்திருக்கிறதா? பெடல் கல்லாவதற்கு இவற்றில் ஒன்றே போதும். இவற்றைச் சரிசெய்து, ஷூவையும் அட்ஜஸ்ட் செய்த பிறகும் பெடல் கனமாக இருந்தால் பூஸ்டரைப் பற்றி யோசிக்கலாம். பூஸ்டர் வந்தால் லேசாக மிதித்தாலே லைனில், அதாவது பிரேக் ஆயில் குழாயில், அழுத்தம் ஏறப்போகிறது. நைந்த ஹோஸை அப்படியே விட்டுப் பூஸ்டர் மாட்டுவது ஆபத்து.

கேள்வி: மாஸ்டர் சிலிண்டருக்கும் (மிதியை ஆயில் அழுத்தமாக்கும் சிலிண்டர்) ஃபயர்வாலுக்கும் (இன்ஜின் அறைக்கும் நம் காலுக்கும் இடையிலுள்ள தகடு) நடுவில் பூஸ்டரைச் சொருகி நட்டு முடுக்கினால் போதாதா?

போதாது. அதிகம் பேர் தவறுவது இந்த இடத்தில்தான்.

பெடலின் அச்சிலிருந்து கால் வைக்கும் தட்டு வரை 30 செ.மீ., அதே அச்சிலிருந்து புஷ் ராட் (பெடலின் தள்ளலைக் கடத்தும் கம்பி) பின் வரை 5 செ.மீ. என்றால் நெம்பு விகிதம் 6-க்கு 1. பூஸ்டர் இல்லாத கார்களில் 6 அல்லது 7 இருக்கும். பூஸ்டர் உள்ள கார்களில் 4 முதல் 5 வரை. அதே பெடலில் 4 வேண்டுமானால், பின்னை அச்சிலிருந்து 7.5 செ.மீ. தூரத்துக்கு இறக்க வேண்டும். சில கார்களின் பெடலிலேயே இரண்டு துளைகள் இருக்கும். அச்சுக்குப் பக்கத்தில் இருப்பது சாதா பிரேக்குக்கு, தள்ளி இருப்பது பவர் பிரேக்குக்கு. பழைய துளையிலேயே மாட்டினால் கால் பட்டதும் வண்டி குப்புற நிற்கும். டிரம் பிரேக்கில் இன்னும் மோசம், ஏனென்றால் முன் ஷூவைச் சுழலும் டிரம்மே உள்ளே இழுத்துக்கொள்ளும். புஷ் ராடும் கோணலாகப் போய்ப் பூஸ்டரின் உள் வால்வைத் தேய்க்கும்.

அடுத்தது மாஸ்டர் சிலிண்டரின் துளை அளவு. 30 கிலோ பலத்தில் மிதிக்கிறீர்கள் என்று வையுங்கள். 6 விகிதம், 7/8 அங்குலத் துளை: லைனில் சதுர செ.மீ.-க்குச் சுமார் 46 கிலோ அழுத்தம். விகிதத்தை 4 ஆக்கி, துளையையும் 1 1/8 அங்குலமாகப் பெரிதாக்கிவிட்டு, ஓடும்போது இன்ஜின் நின்று வேக்குவமும் தீர்ந்துபோனால், அதே மிதிக்குக் கிடைப்பது 19 கிலோதான். பாதிகூட இல்லை! 7/8 துளையையே வைத்திருந்தால் 31 கிலோ. நான்கு சக்கரமும் டிரம்தான் என்றால் துளையை வீணாகப் பெரிதாக்காதீர்கள். முன்னால் டிஸ்க் போட்டு, டிஸ்க்கைக் கவ்வும் கேலிப்பருக்கு அதிக ஆயில் தேவைப்பட்டால் மட்டும் ஒரு படி ஏற்றுங்கள்.

மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனின் பின்பக்கக் குழியையும் பாருங்கள். சாதா பிரேக் மாஸ்டரில் பெடல் ராட் நழுவாமலிருக்கக் குழி ஆழமாக இருக்கும். பூஸ்டரின் ராட் குட்டையானது. அந்தக் குழியின் அடியைத் தொடாது. பூஸ்டருக்கேற்ற, ஆழமில்லாத குழியுள்ள மாஸ்டர் வாங்குவதே நல்லது.

ரோட்டில் இறக்கும் முன், காலி மைதானத்தில் மெதுவாக ஓட்டி, இன்ஜினை அணைத்து, பூஸ்டரில் மிச்சமுள்ள வேக்குவம் தீரும் வரை மிதித்துவிட்டு, வெறும் காலால் வண்டி நிற்கிறதா என்று பாருங்கள். ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளாதபடி சாவி இருக்கட்டும்.

கேள்வி: கேம் ஷாஃப்டை (இன்ஜின் வால்வுகளைத் திறக்கும் தண்டு) மாற்றியிருக்கிறேன். ஐடிலிங்கில் வேக்குவம் கேஜ் 12 அங்குலம் (பாதரச அளவு) காட்டுகிறது. பூஸ்டர் வேலை செய்யுமா?

அரைகுறையாகச் செய்யும். 9 அங்குல டயாஃப்ரம் (பூஸ்டருக்குள் இருக்கும் ரப்பர் திரை), 18 அங்குல வேக்குவத்தில் ஏறத்தாழ 255 கிலோ தள்ளும். 12-இல் அது 170. கேமைக் குறை சொல்லும் முன் இக்னிஷன் டைமிங் பின்தங்கியிருக்கிறதா, மேனிஃபோல்டு (இன்ஜினுக்குள் காற்று போகும் குழாய்) கேஸ்கெட் காற்று வாங்குகிறதா என்று பாருங்கள். உயரமான மலைப்பாதையில் 300 மீட்டருக்கு ஒரு அங்குலம் வீதம் இன்னும் குறையும்.

வேக்குவம் டேங்க் மாட்டச் சொல்வார்கள். அது ஓரிரு மிதிக்குக் கூடுதல் இருப்பு தரும். 12-ஐ 18 ஆக்காது. அதற்கு எலெக்ட்ரிக் வேக்குவம் பம்ப்தான் வழி. ஹோஸை மேனிஃபோல்டிலிருந்து, அதாவது கார்புரேட்டரின் த்ராட்டில் தகட்டுக்குக் கீழிருந்து எடுங்கள். வேக்குவத்துக்கென்றே செய்த தடித்த ஹோஸ் வேண்டும். பெட்ரோல் ஹோஸ் சூட்டில் இளகி உள்வாங்கி ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி: பூஸ்டர் மாட்டிய பின் ஐந்தாறு கிலோமீட்டரில் பிரேக் தானாகப் பிடித்துச் சக்கரம் சுடுகிறது. ஆறியதும் சரியாகிவிடுகிறது. ஏன்?

பூஸ்டருக்கும் மாஸ்டருக்கும் நடுவில் இருக்கும் புஷ் ராட் அளவுக்கு மேல் நீளமாக இருக்கிறது என்பதே முதல் சந்தேகம். காலை எடுத்த பிறகும் ராட் பிஸ்டனைக் கொஞ்சம் அழுத்திக்கொண்டே இருக்கும். பிஸ்டன் முழுதாகப் பின்னால் வராததால், ஆயில் டப்பாவுக்குத் திரும்பும் ஊசித் துளை மூடியே கிடக்கும். சூடான ஆயில் விரிய இடமில்லாமல் ஷூவைத் தள்ளும்.

உறுதி செய்வது எளிது. பிரேக் பிடித்திருக்கும்போதே மாஸ்டரின் இரண்டு நட்டையும் தளர்த்தி, 2 மி.மீ. முன்னால் இழுங்கள். சக்கரம் விடுபட்டால் ராட்தான் குற்றவாளி. விடவில்லை என்றால் வீல் சிலிண்டரின் பிளீடர் நிப்பிளை (ஆயிலை வெளியே விடும் திருகு) திறங்கள். ஆயில் பீய்ச்சிச் சக்கரம் விட்டால் ஹோஸ் உள்ளே அடைத்திருக்கலாம், அப்போதும் விடாவிட்டால் கோளாறு ஷூவிலோ பிஸ்டனிலோ.

ராட் முனையில் பட்டாணி அளவு களிமண்ணை ஒட்டி, கேஸ்கெட்டுடன் மாஸ்டரை முடுக்கிக் கழற்றுங்கள். நசுங்கிய மண்ணின் கனம் அரை மி.மீ. இருக்க வேண்டும். இடைவெளியே இல்லையென்றால் ராட் முனை நட்டைத் திருகிக் குறையுங்கள். மிகவும் குறைத்தாலும் பெடல் வெறுமையாக இறங்கும். முடித்த பின் டப்பா மூடியைத் திறந்து, ஒருவர் மெதுவாக மிதிக்க, மேலிருந்து பாருங்கள்: மிதி தொடங்கிய கணத்தில் ஆயிலில் சிறு ஊற்றுப்போல ஒரு குமிழி எழும். அது எழுந்தால் துளை திறந்திருக்கிறது. முகத்தைச் சற்றுத் தள்ளி வையுங்கள். பிரேக் ஆயில் கண்ணுக்கும் பெயின்ட்டுக்கும் ஆகாது.

கேள்வி: டீசல் காருக்கும் இதே பூஸ்டர் போடலாமா?

போடலாம், ஆனால் தனியாக வேக்குவம் பம்ப் வேண்டும். டீசல் மேனிஃபோல்டில் பூஸ்டரை இயக்குமளவு வேக்குவம் உருவாகாது. பல இன்ஜின்களில் ஆல்டர்னேட்டரின் பின்னாலேயே அந்தப் பம்ப் இருக்கும்.

கேள்வி: பிரேக் ஆயில் குறைந்துகொண்டே போகிறது. வெளியே எங்கும் கசிவில்லை. சைலன்சரில் வெள்ளைப் புகை.

மாஸ்டரின் பின் சீல் போய்விட்டது. ஆயில் பூஸ்டருக்குள் இறங்கி, வேக்குவம் ஹோஸ் வழியாக இன்ஜினுக்குப் போய் எரிகிறது. வண்டியை ஓட்டாதீர்கள். மாஸ்டரைக் கழற்றிப் பூஸ்டர் வாய்க்குள் விரல் விட்டால் ஈரம் தெரியும். மாஸ்டரை மட்டும் மாற்றி நிறுத்தாதீர்கள்: அந்த ஆயிலில் ஊறிய டயாஃப்ரம் உப்பிக் கிழியும். பூஸ்டர், செக் வால்வு (வேக்குவம் ஹோஸின் ஒருவழி வால்வு), ஹோஸ் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள்.