புண்ணை மறுபடி வெட்டலாமுங்களா?

கேள்வி: அப்பாவுக்கு 52 வயது. பெருங்குடலில் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் எனும் குடல் அழற்சி இருப்பதால் மெசலமைன் மாத்திரை சாப்பிடுகிறார். தறியில் இடித்து முன்னங்காலில் சின்னதாகச் சீழ்க்கொப்புளம் வந்ததுங்க. மஞ்சள் குழைத்துப் பூசினோம். பத்தே நாளில் உள்ளங்கை அகலத்துக்குப் புண்ணாகிவிட்டது. சர்க்கரை இல்லை, ஆன்டிபயாடிக் கேட்கவில்லை. சதையை வெட்டிச் சுத்தம் செய்தபின் இன்னும் அகண்டுவிட்டது. மறுபடி வெட்டணும் என்கிறார்கள். செய்யலாமுங்களா?
- வாசகி, சென்னிமலை

பதில்: கத்தி வைக்கும் முன் தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். வெட்டியபின் அகண்டது என்கிறீர்களே, அதுதான் பெரிய தடயம். குடல் அழற்சி உள்ளவர்களுக்கு அபூர்வமாக வரும் பையோடெர்மா கேங்கிரினோசமாக இது இருக்கலாம். கிருமியே இல்லாமல் நியூட்ரோபில் எனும் வெள்ளை அணுக்கள் தோலில் குவிந்து சதையை அரிக்கும். அடிபட்ட இடம், ஊசி குத்திய இடம் என்று எங்கும் கிளம்பும். கத்தி பட்டால் இன்னும் சீறும்.

பகல் வெளிச்சத்தில் விளிம்பைப் பாருங்கள். கத்தரிப்பூ நிறத்தில், அடியில் குடைந்து போயிருந்தால் சந்தேகம் வலுக்கும். சீழ்ப் பரிசோதனையில் கிருமி தெரிந்தாலும் ஏமாற வேண்டாம். திறந்த புண்ணில் கிருமி குடியேறுவது சகஜம்.

இதை உறுதி செய்ய ரத்தப் பரிசோதனை கிடையாது. விளிம்பில் ஆழமாகச் சிறு துண்டு எடுப்பார்கள். ஒரு பாதி ஃபார்மலின் எனும் பதப்படுத்தும் திரவத்தில், பயாப்சிக்கு. மறுபாதி சலைனில், காசநோய், பூஞ்சைக் கிருமி வளர்ப்புக்கு. இரண்டையும் ஃபார்மலினில் போட்டால் கிருமி வளராது, பரிசோதனை வீண். கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். கால் ரத்தக்குழாய்க்கு டாப்ளர் ஸ்கேனும் வேண்டும்.

சிகிச்சை ஸ்டீராய்டு அல்லது நோய் எதிர்ப்பு வேகத்தைத் தணிக்கும் சைக்ளோஸ்போரின். 2015இல் வெளிவந்த பிரிட்டன் ஆய்வில் பிரட்னிசோலோன் எனும் ஸ்டீராய்டு தினமும் எடை கிலோவுக்கு 0.75 மி.கி., சைக்ளோஸ்போரின் 4 மி.கி. என ஒப்பிட்டார்கள், எதிலுமே ஆறு மாதத்தில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குத்தான் ஆறியது. பொறுமை வேண்டும். முதலில் வலி குறையும், ஊதா விளிம்பு மங்கும். ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தக் கூடாது. இன்ஃப்ளிக்சிமாப் ஊசி குடலுக்கும் புண்ணுக்கும் சேர்த்து உதவும். அதற்கு முன் காசநோய்ப் பரிசோதனை கட்டாயம்.

மஞ்சளை நிறுத்துங்கள், ஹைட்ரஜன் பெராக்சைடும் வேண்டாம். சலைனில் கழுவி ஒட்டாத டிரெஸ்ஸிங் போடுங்கள். காய்ந்த துணியை நனைத்தே எடுங்கள். பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான். குடல் சிகிச்சைக் கோப்பையும் கொண்டுபோங்கள்.

கேள்வி: எனக்குக் குரோன்ஸ் எனும் குடல் அழற்சி நோய். முன்னங்காலில் சிவந்த, வலிக்கும் கட்டிகள், புண் இல்லை. அதே நோய்தானா?
- வாசகர், தாராபுரம்

பதில்: பெரும்பாலும் எரிதீமா நோடோசம் எனும் வேறு நோய். குடல் சீறும்போது வந்து, சில வாரங்களில் தழும்பின்றி அடங்கும். காசநோயாலும் வரலாம், மாண்டூ எனும் தோல் ஊசிப் பரிசோதனை, மார்பு எக்ஸ்ரே பாருங்கள். வலிக்கு டைக்ளோஃபெனாக் வேண்டாம், குடலைக் கிளறிவிடும். பாராசிட்டமால் போதும்.