கேளுங்கள், சொல்கிறேன்: ஆயா கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: அக்கா, வணக்கம். என் பேத்தி கிரேட் 5 படிக்கிறாள். மகளும் மருமகனும் வேலைக்காக ஜோஹானஸ்பர்க்கில் இருப்பதால் மூன்று வருடமாக அவள் என்னோடுதான் இருக்கிறாள். போன வாரம் ஸ்கூலில் இரண்டு சம்மதத் தாள் கொடுத்து அனுப்பினார்கள். ஒன்று கண், காது, பல் பார்க்க, இன்னொன்று கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசிக்கு. மகள் போனில், ‘சின்னப் பிள்ளைக்கு அந்த ஊசி எதற்கு, போடாதே’ என்றாள். நான் இரண்டையும் அப்படியே வைத்துவிட்டேன். நான் கையெழுத்துப் போட்டால் செல்லுமா?
- ஒரு ஆயா, சாட்ஸ்வர்த்

பதில்: முதலில் அந்தக் கண், காது தாளை எடுங்கள் அம்மா. மகள் வேண்டாம் என்றது ஊசியைத்தானே? அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, கையெழுத்துப் போட்டு நாளைக்கே கொடுத்து அனுப்புங்கள். 12 வயது ஆகாத பிள்ளையின் வைத்தியத்துக்குப் பெற்றவர்களோ, கார்டியனோ (சட்டப்படியான பாதுகாவலர்), பிள்ளையை வைத்து வளர்ப்பவரோ சம்மதம் தரலாம் என்று நம் தென்னாப்பிரிக்காவின் 2005ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டம், 129ஆம் பிரிவில் சொல்கிறது. பெற்றவர்கள் நம்பி உங்களிடம் விட்டிருக்கும்போது அந்த ‘வளர்ப்பவர்’ நீங்கள்தான். ஆனால் ஆபரேஷன் என்று வந்தால் ஆயா கையெழுத்துப் போதாது, பெற்றவரோ கார்டியனோதான் போட வேண்டும்.

இதில் நான் இவ்வளவு அவசரப்படுவதற்குக் காரணம் உண்டு. என் மகன் கிரேட் 1 படித்தபோது வந்த தாள், சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் கசங்கி, பீநட் பட்டர் கறையோடு, டெர்ம் முடிந்து பையைக் கவிழ்த்துக் கொட்டினபோதுதான் என் கைக்கு வந்தது. நர்ஸ் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள், தாள் கொடுக்காத பிள்ளைகள் வகுப்பிலேயே உட்கார்ந்திருந்தார்களாம். அப்புறம் ஒரு வருடம், பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்தே எழுதியிருக்கிறான். ஏனடா என்று கேட்டால், ‘போர்டு எல்லாருக்கும் இப்படி மங்கலாத்தானேம்மா தெரியும்?’ என்றான். அந்தக் கேள்வியை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை. கண் பார்க்கும்போது அட்டையைத் தூரத்தில் மாட்டிப் படிக்கச் சொல்லி, குறை தெரிந்தால் கிளினிக்குக்குச் சீட்டு எழுதித் தருவார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்தச் சீட்டு அன்றைக்கே கிடைத்திருந்தால் என் பிள்ளைக்கு ஒரு வருடம் வீணாகியிருக்காது.

இப்போது ஊசி. மகள் ‘சின்னப் பிள்ளை’ என்கிறாள், சின்ன வயதில் போடுவதுதான் இதன் பலனே. இது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்பிவி என்ற வைரஸுக்கு எதிரான தடுப்பூசி. அந்த வைரஸ் பெரும்பாலும் உடலுறவு வழியாகத் தொற்றுவது, அதனால் அந்த வயது வருவதற்கு வெகு முன்பே போட்டால்தான் நல்ல காப்பு. நம் நாட்டில் அரசுப் பள்ளிகளில் 2014இல் தொடங்கினார்கள். இதையெல்லாம் மகளிடம் நிதானமாகப் பேசுங்கள், சந்தேகம் இருந்தால் அவளே கிளினிக் நர்ஸிடம் போனில் கேட்கட்டும். ஆனால் அவள் வேண்டாம் என்று சொல்லியிருக்கும்போது, அவளுக்குத் தெரியாமல் நீங்கள் கையெழுத்துப் போடாதீர்கள். போனில் கிடைக்கிற தாயைத் தாண்டிப் போவது சட்டப்படியும் சரியில்லை, வீட்டுக்கும் நல்லதில்லை. அவள் சரி என்றால், பேத்திக்கு அலர்ஜி ஏதாவது உண்டா, முன்பு ஊசி போட்டு மயங்கியிருக்கிறாளா என்று கேட்கும் இடங்களை வெறுமையாக விடாமல் நிரப்புங்கள். கடைசிவரை மனம் மாறவில்லை என்றால், ‘சம்மதமில்லை’ என்று எழுதியாவது தாளைத் திருப்பி அனுப்புங்கள்.

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. கிளினிக்கில் என்னைக் கேட்காமலே மருந்து கொடுத்திருக்கிறார்கள். இது நியாயமா?
- ஒரு தகப்பன், ஃபீனிக்ஸ்

பதில்: சட்டப்படி முடியும் அண்ணே. 12 வயது தாண்டி, நன்மை தீமை புரிகிற பக்குவம் இருந்தால் பிள்ளையே வைத்தியத்துக்குச் சம்மதம் சொல்லலாம். ஆபரேஷனுக்கு மட்டும் நீங்களும் கூட நின்று கையெழுத்துப் போட வேண்டும். கிளினிக்கில் சண்டைக்குப் போகாதீர்கள். என்ன மருந்து, எதற்கு என்று மகனிடமே, திட்டாமல், சாப்பாட்டுக்கு உட்காரும்போது கேட்டுப் பாருங்கள். உடனே சொல்லாவிட்டாலும் இரண்டு நாள் பொறுங்கள்.